சீரம் பாட்டிலில் எழுதியிருக்கும் ‘செல் ஆற்றல்’ என்றால் என்ன?

அக்கா மகள் போன மாதம் முகத்தில் தடவும் ஒரு சீரம் வாங்கி வந்தாள். முப்பது மில்லி கண்ணாடிப் பாட்டில், ரப்பர் வைத்த சொட்டு மூடி, லேபிளில் மெல்லிய தங்கக் கோடு. விலையைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. “சித்தி, இதுல என்ஏடி பிளஸ் இருக்கு. செல்லுக்கு எனர்ஜி குடுக்குமாம். மைட்டோகாண்ட்ரியாவையே ரிப்பேர் பண்ணுமாம்.” பள்ளிக்கூடத்தில் மைட்டோகாண்ட்ரியா படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் முகத்தைச் சுளித்தவள் அவள். இன்று அதன் பேரைச் சொல்லி விற்பதைக் காசு கொடுத்து வாங்கித் தடவுகிறாள். வயது 27. எனக்குத் தெரிந்து முகத்தில் ஒரு கோடும் இல்லை. அது வேறு விஷயம்.

பல வருடம் உயிர்வேதியியல் பாடம் எடுத்த எனக்குச் சிரித்துவிட்டு நகர முடியவில்லை. லேபிளில் இருப்பது முழுப் பொய் இல்லையே! செல்லுக்குள் நடக்கும் வளர்சிதை மாற்றத்துக்கும் தோல் மூப்பதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டு. பாட்டிலிலிருந்து அந்தச் செல்லுக்குப் போகிற வழியில்தான் சிக்கல்.

சில்லறையும் கலவைச் சட்டியும்

டவுன் பஸ்ஸில் ஏறி ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் என்ன சொல்வார் என்று தெரியும். செல்லும் அப்படித்தான். நாம் சாப்பிட்ட சோறு குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் வந்தாலும், அதை அப்படியே செலவழிக்கச் செல்லால் ஆகாது. முதலில் சில்லறையாக மாற்ற வேண்டும். அந்தச் சில்லறைக்குப் பெயர் ஏடிபி. ஒரு புரதம் செய்ய, ஒரு கிழிசலைத் தைக்க, உள்ளே வந்த உப்பை வெளியே தள்ள, எல்லாவற்றுக்கும் ஏடிபிதான் கொடுக்க வேண்டும். சேர்த்துவைக்கவும் முடியாது, செலவாகச் செலவாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளில் உடல் இப்படி மாற்றிச் செலவழிக்கும் ஏடிபியை எடை போட்டால், ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு வரும்.

சில்லறை மாற்றும் இடம்தான் மைட்டோகாண்ட்ரியா. உணவிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்களை அதற்குள் படிப்படியாக இறக்கி, கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும்போது கிடைக்கும் விசையில் ஏடிபி உருவாகிறது. அந்த எலக்ட்ரான்களை அங்கே தூக்கிக்கொண்டு போவது யார்? கட்டட வேலை நடக்கும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். சித்தாள் கலவைச் சட்டியை நிரப்பிக்கொண்டு போவார், கொத்தனாரிடம் கொட்டுவார், காலிச் சட்டியோடு திரும்புவார். செல்லுக்குள் அந்தச் சட்டிதான் என்ஏடி. காலியாக இருந்தால் என்ஏடி பிளஸ், நிரம்பியிருந்தால் என்ஏடிஎச். 1906இல் லண்டனில் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் ஈஸ்ட் எப்படிச் சர்க்கரையைப் புளிக்க வைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட பொருள் இது. விளம்பரத்தில் ‘புதிய மூலக்கூறு’ என்று வருவதற்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

சட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தோலுக்கு முக்கியமானது அதுதான். வெயில் பட்டு டிஎன்ஏ முறியும்போது, பழுது பார்க்க ஓடிவரும் பார்ப் என்ற நொதி என்ஏடியை எடுத்து உடைக்கிறது. உடைத்த துண்டுகளைச் சேதமான இடத்தில் ஒட்டி, ‘இங்கே வேலை இருக்கிறது’ என்று அடையாளம் வைக்கிறது. அதாவது கலவை சுமக்க வேண்டிய சட்டியையே உடைத்து எச்சரிக்கைக் கொடி நடுகிறார்கள். மிஞ்சும் ஓடு வீணாவதில்லை. அதன் பெயர் நிகோடினமைடு. அதிலிருந்து செல் மறுபடி புதுச் சட்டி செய்துகொள்ளும். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அழகுசாதனக் கடையில் இதையே நியாசினமைடு என்பார்கள். பழைய பெயர் வைட்டமின் பி3.

கழுத்தில் ஒரு கரிய மாலை

செல்லின் ஆற்றலுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் நான் க்ரீம் பக்கமே போவதில்லை. பெலாக்ரா நோயைத்தான் சொல்வேன். 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் ஏழை விவசாயிகளிடம் ஒரு நோயைக் கவனித்தார். வெயில் படும் கை, கால், கழுத்துப் பகுதிகளில் தோல் கறுத்துத் தடித்துச் சொரசொரப்பாகி உரிந்தது. சட்டை மூடாத கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போல ஒரு பட்டை விழும். அதை இன்றும் காசால் மாலை என்றுதான் மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. பிறகு வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், கடைசியில் மரணம்.

மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஊர்களில்தான் இது பரவியது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது பெருவாரியாகத் தாக்கியபோது, தொற்றுநோய் என்றுதான் பலர் நம்பினார்கள். ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர், இது சாப்பாட்டில் உள்ள குறை என்று அடித்துச் சொன்னார். குறைந்தது என்ன என்பது 1937இல் தெரிந்தது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் கான்ராட் எல்வெஜெம் நிகோடினிக் அமிலத்தை (நியாசின் என்பதும் இதுதான், பி3இன் இன்னொரு வடிவம்) கொடுத்ததும், இதே குறையால் நாக்குக் கறுத்த நாய்கள் தேறின.

நம் பக்கத்திலும் இந்த நோய் இருந்தது. தக்காணத்தில் சோளத்தை முக்கிய உணவாக வைத்திருந்த ஏழைகளிடம், ஹைதராபாத்தைச் சுற்றி, பெலாக்ரா வந்துகொண்டிருந்தது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன், குன்னூரில் தொடங்கிப் பின்னர் ஹைதராபாத்துக்கு இடம் மாறிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் இதை ஆராய்ந்தார். சோளத்தில் மிகுதியாக இருக்கும் லியூசின் என்ற அமினோ அமிலம், உடல் நியாசினைப் பயன்படுத்துவதைக் கெடுக்கிறது என்று 1960இல் அவரும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் எழுதினார்கள். அதைப் பற்றிப் பிறகு நிறைய வாதம் நடந்தது. ஆனால் பி3 குறைந்தால் தோல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும், அதிலும் வெயில் பட்ட தோல்தான் காட்டிக்கொடுக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஏன் வெயில் பட்ட இடத்தில் மட்டும்? சட்டிக் கதையை நினைத்துப் பாருங்கள். வெயில் டிஎன்ஏவை உடைக்கிறது. பழுது பார்க்க என்ஏடி செலவாகிறது. பி3 இல்லாததால் புதுச் சட்டி வரவில்லை. சில்லறை மாற்றவும் வழியில்லை, கிழிசலைத் தைக்கவும் வழியில்லை, செல் விழுந்துவிடுகிறது. பெலாக்ராவில் சில வாரங்களில் நடக்கும் இந்தக் காட்சியின் மிக மெதுவான ஓட்டமும் தோல் மூப்பில் கலந்திருக்கிறது.

வெயில், சர்க்கரை, சாகாத செல்

தோலில் மேலே இருப்பது மேல்தோல். அதன் அடி வரிசையில் செல்கள் பிறந்து, நான்கு வாரம் போல மேலே ஏறி, செத்து, செதிலாகி உதிர்கின்றன. வயதானால் இந்தப் பயணம் இன்னும் மெதுவாகும். மேல்தோலில் ரத்தக் குழாயே கிடையாது. தோலின் மேற்பரப்பிலிருந்து கால் மில்லிமீட்டர் முதல் 0.4 மில்லிமீட்டர் வரையுள்ள பகுதி, தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்று அளந்திருக்கிறார்கள். நம்மால் தொட்டுப் பார்க்க முடிகிற தோல், அதாவது வெளிப்பரப்பு, முழுக்கச் செத்த செல்கள். செத்த செல்லுக்கு யாராலும் ‘எனர்ஜி’ கொடுக்க முடியாது. க்ரீம் எதைத் தொட வேண்டுமானாலும் இந்தச் செத்த சுவரைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

அதற்கும் கீழே இருப்பது உள்தோல். ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் அங்கே உட்கார்ந்து கொலாஜன் நெய்கின்றன. கயிற்றுக் கட்டிலில் கயிறு என்ன செய்கிறதோ அதைத்தான் கொலாஜன் தோலில் செய்கிறது. இறுக்கமாக இருக்கும் வரை தெரியாது. தளர்ந்தால் நடுவில் குழி விழும்.

வெயில் இந்தக் கட்டிலைப் பல பக்கமிருந்து கெடுக்கிறது. புறஊதாக் கதிர் பட்ட சில மணி நேரத்திலேயே கொலாஜனை வெட்டும் நொதிகள் தோலில் கூடுகின்றன. தோல் சிவக்காத அளவு வெயிலே இதற்குப் போதும். மைட்டோகாண்ட்ரியாவின் கதை இன்னும் மோசம். அதற்கென்று தனி டிஎன்ஏ உண்டு, 16,569 எழுத்து நீளம், தாயிடமிருந்து மட்டும் வருவது. உட்கருவில் இருக்கும் டிஎன்ஏவுக்குக் கிடைக்கிற அளவு பழுதுபார்ப்பு இதற்குக் கிடைப்பதில்லை. வெயில் பட்டுப் பட்டு, அதில் 4,977 எழுத்துகள் ஒரே துண்டாக விடுபட்டுப்போவது வழக்கம். கிட்டத்தட்ட முப்பது சதவீதம். வெயில் படாத தோலைவிட வெயில் பட்ட தோலில் இந்த விடுபாடு அதிகம். ஜெர்மனியில் தன்னார்வலர்களின் மறைவான தோலில் இரண்டு வாரம் யுவிஏ என்ற வகைப் புறஊதாக் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள், 2004இல் வெளிவந்த ஆய்வு அது. விடுபாடு கூடியது, பல மாதங்கள் கழித்தும் போகவில்லை. இப்படிக் குறைபட்ட மைட்டோகாண்ட்ரியா சில்லறையும் சரியாக மாற்றாது, எலக்ட்ரான்களையும் வழியில் சிந்தும். சிந்திய எலக்ட்ரான் ஆக்சிஜனோடு சேர்ந்து அக்கம்பக்கத்தைச் சுடும். ஃப்ரீ ராடிக்கல் என்று கேள்விப்படுவது இதைத்தான்.

யுவிஏ கண்ணாடியையும் தாண்டும். 2012இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு லாரி ஓட்டுநரின் படம் வந்தது. வயது 69, இருபத்தெட்டு வருடம் சரக்கு வண்டி ஓட்டியவர். வலது கன்னம் வயதுக்கேற்றபடி இருக்கிறது. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் தடித்து, தொங்கி, ஆழமான மடிப்பு விழுந்து வேறொருவருடையதைப் போல இருக்கிறது. ஒரே மனிதர், ஒரே சாப்பாடு, ஒரே மரபணு. நம் ஊர் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால், நெடுந்தூரப் பஸ் ஓட்டுபவர்களின் வலது முழங்கையைப் பாருங்கள், தெரியும். நம் போன்ற மாநிறத் தோலில் மெலனின் கொஞ்சம் காப்பாற்றுவதால் சுருக்கம் தாமதமாகத்தான் வரும். அதற்கு முன்பே திட்டுத்திட்டாகக் கருமை வந்துவிடும். இங்கே வயது முதலில் காட்டுவது கோடாக அல்ல, நிறமாக.

அப்புறம் சர்க்கரை. தோசைக்கல்லில் மாவு பொன்னிறமாக முறுகுவது, சர்க்கரையும் புரதமும் ஒட்டிக்கொள்ளும் வேதிவினை. பிரெஞ்சுக்காரர் லூயி கமில் மேயார் 1912இல் விவரித்தது. அதே வினை, சூடில்லாமல், வருடக்கணக்கில், நம் உடலிலும் நடக்கிறது. சர்க்கரை நோய்க்கு எடுக்கும் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை, ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான். ரத்தச் சிவப்பணு நான்கு மாதத்தில் மாறிவிடும். தோலின் கொலாஜனோ, பாதி மாறவே ஏறக்குறைய பதினைந்து வருடம் எடுக்கும். அத்தனை காலமும் ஒட்டிய சர்க்கரை அங்கேயே தங்கி, பக்கத்து இழையோடு முடிச்சுப் போட்டு, கயிற்றை விறைப்பாக்கிவிடுகிறது. ‘ஆன்டி கிளைக்கேஷன்’ என்று க்ரீம்கள் வருகின்றன. ஒட்டிப்போன முடிச்சை மனிதத் தோலில் அவிழ்த்துக் காட்டிய க்ரீம் எதுவும் இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான் வழி, அது பாட்டிலில் வராது.

பழுது அளவு மீறினால் செல் செத்துப்போகும், அல்லது பிரிவதை நிறுத்திவிட்டுச் சாகாமல் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாம் வகை சும்மா இருந்தாலும் பரவாயில்லை. கொலாஜனை வெட்டும் நொதிகளையும் அழற்சிப் பொருள்களையும் சுற்றிலும் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். வேலைக்கும் போகாமல் தெருவையும் கெடுக்கும் ஆள் மாதிரி. ஆங்கிலப் பத்திரிகைகள் இதற்கு வைத்த பெயர் ஜோம்பி செல். வயது கூடக் கூட இவை தோலில் கூடுகின்றன.

பாட்டிலைத் திறக்கலாம்

சரி, சீரத்துக்கு வருவோம். எதைப் பார்த்தாலும் நான் இரண்டு கேள்வி கேட்பேன். தோலுக்குள் போகுமா? போனால், மனிதர்களில் ஏதாவது மாறியதா?

முதல் கேள்விக்குத் தோல் மருத்துவர்கள் ஒரு குத்துமதிப்பு வைத்திருக்கிறார்கள்: 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறு நல்ல தோலைத் தாண்டி உள்ளே போவது கடினம். என்ஏடியின் எடை 663. போதாக்குறைக்கு அது மின்னேற்றம் கொண்டது, தண்ணீரை விரும்புவது. செத்த செல் சுவருக்கு நடுவே இருப்பதோ கொழுப்பு. அதன் முந்தைய படியான என்எம்என் 334தான், ஆனால் பாஸ்பேட் வால் ஒன்று தொங்குவதால் அதற்கும் இந்தக் கொழுப்பு ஒத்துவராது. நியாசினமைடின் எடை 122. பொடியன், எளிதாக நுழைந்துவிடுவான்.

வேடிக்கை என்னவென்றால், செல் தானே நியாசினமைடை எடுத்து என்எம்என் ஆக்கி, அதிலிருந்து என்ஏடி செய்துகொள்கிறது. கலவைச் சட்டி வேண்டுமென்றால், தகட்டை உள்ளே கொடுத்தால் போதும். முழுச் சட்டியை ஜன்னல் கம்பி வழியாகத் திணிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வியிலும் நியாசினமைடுதான் முன்னால் நிற்கிறது. ஐந்து சதவீத நியாசினமைடை முகத்தின் ஒரு பாதியில் மட்டும் பன்னிரண்டு வாரம் தடவி, மறுபாதியோடு ஒப்பிட்ட ஆய்வு 2000களின் நடுவிலேயே வந்துவிட்டது. மெல்லிய கோடுகள், கரும்புள்ளி, மங்கல் நிறம் ஆகியவை ஓரளவு குறைந்தன. ஓரளவுதான். நிறமி செய்யும் செல்லிலிருந்து மேல்தோல் செல்லுக்கு நிறமிப் பொதி கைமாறுவதை இது தடுக்கிறது. நம் தோலுக்கு இந்தக் குணம் அதிகம் உதவும். தோலின் கொழுப்புத் தடுப்புச் சுவரையும் பலப்படுத்துகிறது. ஆற்றல் பக்கமும் ஆதாரம் உண்டு: புறஊதாக் கதிர் பட்டால் தோல் செல்லில் ஏடிபி விழும், நிகோடினமைடு இருந்தால் விழுவதில்லை. ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்த 386 பேரை வைத்து நடத்திய சோதனையில், மாத்திரையாக ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை எடுத்தவர்களுக்குப் புதிய தோல் புற்றுநோய்கள் 23 சதவீதம் குறைவாக வந்தன. 2015இல் வெளியானது. அது வெள்ளைத் தோல்காரர்கள், நோய் வந்தவர்கள், டாக்டர் கண்காணிப்பு. இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கலுக்குப் போய் மாத்திரை வாங்க வேண்டாம்.

கோஎன்சைம் க்யூ10 பற்றியும் கேட்பார்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எலக்ட்ரானை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கொண்டுபோகும் கொழுப்புப் பொருள். 1957இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃப்ரெடரிக் கிரேன் மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்தார். மஞ்சள் நிறப் பொடி. க்ரீம் லேசாக மஞ்சளடிப்பது சில சமயம் இதனால்தான். எடை 863, கணக்குப்படி தாண்டக்கூடாது. கொழுப்பில் கரைவதால் மேல்தோலில் கொஞ்சம் இறங்குகிறது, எரிச்சலைத் தணிக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பானாக வேலை செய்கிறது. அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்பது என் கணிப்பு.

இப்போது வரும் புதுசுகளில் என் ஆர்வத்தைத் தூண்டுவது யூரோலித்தின் ஏ. மாதுளையிலும் வால்நட்டிலும் உள்ள ஒரு பொருளைக் குடலில் இருக்கும் பாக்டீரியா மாற்றி இதைச் செய்கின்றன. எல்லார் குடலிலும் அந்தப் பாக்டீரியா இருப்பதில்லை. ஆகவே ஒரே மாதுளையை இரண்டு பேர் தின்றாலும் ஒருவருக்கு மட்டும் இது கிடைக்கலாம். இதன் வேலை, கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவைச் செல்லே விழுங்கிக் கழிக்கும்படி தூண்டுவது. மைட்டோஃபேஜி என்று பெயர். 2016இல் வந்த ஆய்வில் இதைக் கொடுத்து வளர்த்த நுண்புழுக்கள் 45 சதவீதம் கூடுதலாக வாழ்ந்தன. புழுவுக்கும் புருவத்துக்கும் இடையே தூரம் அதிகம். தோலில் தடவிச் செய்த மனித ஆய்வுகள் சிறியவை, பொருளை விற்கும் நிறுவனமே நடத்தியவை. தர்க்கம் பிடித்திருக்கிறது, காத்திருக்கிறேன்.

ராபமைசினும் இப்படித்தான் பேச்சில் அடிபடுகிறது. ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த பாக்டீரியா தந்த மருந்து, செல்லின் ‘வளர்’ என்ற சமிக்ஞையை அடக்குவது. கையில் தடவிப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 2019இல் வந்தது, ஜோம்பி அடையாளம் குறைந்ததாகச் சொன்னது. ஆனால் அது உறுப்பு மாற்று நோயாளிகளின் எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் மருந்து. வாங்கிப் பூசும் சாமான் இல்லை. எக்ஸோசோம் (செல்கள் வெளிவிடும் நுண்பை), சால்மன் மீன் டிஎன்ஏ போன்றவற்றை இன்னொரு நாள் பார்க்கலாம். விலை ஓடும் வேகத்துக்கு ஆதாரம் ஓடவில்லை.

பாகூசியால் மட்டும் நம் வீட்டுக் கதை. நலங்கு மாவு அரைக்கச் சாமான் வாங்கும்போது நாட்டு மருந்துக் கடைக்காரர் பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சளோடு கறுப்பாக, சிறியதாக ஒரு விதையைக் கட்டிக் கொடுப்பாரே, கார்போகரிசி, அதிலிருந்து எடுப்பதுதான். 1966இல் இந்திய விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து விவரித்த பொருள். ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகை பல காலமாகச் சுருக்கத்துக்குத் தடவப்படுகிறது. ஃபைப்ரோபிளாஸ்ட்டை மறுபடி கொலாஜன் நெய்ய வைப்பதில் அந்தக் குடும்பத்துக்கு உள்ள ஆதாரம் வேறு எதற்கும் இல்லை. ஆனால் தோல் உரியும், எரியும், கர்ப்பமாக இருப்பவர்கள் தொடக்கூடாது. 2019இல் வந்த ஒப்பீட்டில் 44 பேர் பன்னிரண்டு வாரம் தடவினார்கள். அரை சதவீத பாகூசியால், அரை சதவீத ரெட்டினால் இரண்டும் சுருக்கத்தையும் கருமையையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைத்தன. உரிச்சலும் எரிச்சலும் ரெட்டினாலில் கூடுதல். சின்ன ஆய்வுதான்.

இதைக் கேட்டுவிட்டுக் கார்போகரிசியையே அரைத்துப் பூசலாமே என்று தோன்றும். கவனம். அந்த விதையில் சொராலனும் இருக்கிறது. வெண்புள்ளிக்கு அந்த விதையைக் கொடுத்ததே அதற்காகத்தான். தோலை வெயிலுக்குக் கூச வைத்து நிறம் வரவழைப்பது அதன் குணம். அதைக் குழைத்துப் பூசி வெயிலில் போனால், சுட்டுக் கறுத்துவிடும். சுத்திகரித்த பாகூசியாலில் சொராலன் இருக்கக்கூடாது. ‘பாவ்சி எண்ணெய்’ என்று மலிவாக விற்பது அப்படிச் சுத்திகரித்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

லேபிளின் பின்பக்கம்

பாட்டிலை வாங்கித் திருப்பினேன். எழுத்து எறும்பு சைஸ். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன். உட்பொருள் பட்டியல் எழுத விதி உண்டு: ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவை அளவுப்படி இறங்குவரிசையில் வரும், அதற்கும் குறைந்தவை அதன் பின்னால் எந்த வரிசையிலும் வரலாம். கோடு எங்கே என்று லேபிளில் போட்டிருக்காது. கண்டுபிடிக்க ஒரு தந்திரம் இருக்கிறது. பீனாக்ஸிஎத்தனால் என்று ஒரு பதப்படுத்தும் பொருள் பெரும்பாலான சீரங்களில் இருக்கும். வழக்கமாக ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கமாட்டார்கள். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோ என்று வைத்துக்கொள்ளலாம்.

அவள் பாட்டிலில் முதலில் தண்ணீர். இரண்டாவது நியாசினமைடு. அப்புறம் கிளிசரின், கெட்டிப்படுத்த இரண்டு பொருள், பீனாக்ஸிஎத்தனால். வாசனைப் பொருளுக்கு அடுத்து, கடைசிக்கு முந்தி, தங்கக் கோட்டுக்குக் காரணமான என்ஏடி. காசால் மாலையைப் போக்கிய வைட்டமின் இரண்டாம் இடத்தில் அமைதியாக இருக்கிறது. முன்பக்கத்தில் அதன் பெயரே இல்லை.

“அப்போ இதத் தூக்கிப் போட்டுடவா சித்தி?”

“எதுக்கு? நியாசினமைடு நல்லாத்தான் இருக்கு. தீர்ற வரைக்கும் போடு. அடுத்த தடவை வெறும் நியாசினமைடா வாங்கு.” விலை பாதிக்கும் கீழே இருக்கும் என்று சொன்னதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

காலை ஒன்பது மணிக்கு ஸ்கூட்டியில் கிளம்புகிறவளிடம் சன்ஸ்கிரீன் போடுகிறாயா என்று கேட்டேன். போடுவதில்லையாம். முகத்தில் விபூதி பூசின மாதிரி வெளுத்துத் தெரிகிறதாம். நியாயமான புகார்தான், எனக்கும் அது பிடிக்காது. அவளுக்கு ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊர்ச் சோதனையைச் சொன்னேன். 55 வயதுக்குட்பட்ட 903 பேர், நாலரை வருடம். பாதிப் பேர் தினமும் சன்ஸ்கிரீன், மீதிப் பேர் தோன்றினால் மட்டும். புறங்கைத் தோலைச் சிலிக்கோன் அச்செடுத்து, தொடக்கத்திலும் முடிவிலும் நுண்ணோக்கியில் கோடுகளைப் பார்த்தார்கள். தினமும் போட்டவர்களின் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. அந்த நாலரை வருடத்தில் அவர்கள் கைகளில் மூப்பு கூடியதாகவே தெரியவில்லை. 2013இல் வந்த முடிவு. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ விடுபட்ட பிறகு ஒட்டவைக்க எந்தச் சீரத்தாலும் முடியாது. விடுபடாமல் பார்த்துக்கொள்வது சன்ஸ்கிரீனால் முடியும்.

வெளுத்துத் தெரியாமல் இருக்க, இரும்பு ஆக்சைடு கலந்து லேசான பழுப்பு நிறத்தில் வரும் வகையை வாங்கச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மாநிறத் தோலில் கருமையைக் கூட்டும். அதையும் இந்த நிறம் தடுக்கும். சன்ஸ்கிரீன் லேபிளில் உள்ள எஸ்பிஎஃப் எண் பெரும்பாலும் யுவிபி என்ற இன்னொரு வகைப் புறஊதாக் கதிருக்கு. கண்ணாடியைத் தாண்டும் யுவிஏவுக்கு லேபிளில் பிஏ எழுதிப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும். “அவ்ளோவா? ஒரே வாரத்துல தீந்துடுமே!” என்றாள். ஒரே வாரத்தில் தீராது, ஆனால் சீக்கிரம் தீரத்தான் செய்யும். சீரத்தில் மிச்சப்படுத்திய காசை அதில் போடச் சொன்னேன்.

நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஏதோ கடையில் நின்றுகொண்டு ஒரு பாட்டிலின் பின்பக்கத்தை எடுத்து அனுப்பியிருக்கிறாள். பீனாக்ஸிஎத்தனாலைச் சுற்றி சிவப்பு வட்டம். கீழே ஒரு வரி: “சித்தி, மாதுளைச் சரக்கு இதுக்குக் கீழதான் இருக்கு. வச்சிட்டு வந்துடவா?”